எந்த வெள்ளி, எத்தனை டச்?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வெள்ளி நகை விற்பனை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது மெட்டி, கொலுசு, அரைஞாண் கொடி. குழுக் கடனில் ஆரம்பித்துப் பத்து வருஷமா ஒரு பெட்டியும் ஒரு சின்னத் தராசும் வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்கிறேன். அதனால வெள்ளியைப் பற்றியே பேசுறேன். இங்க காலில் கொலுசோ மெட்டியோ இல்லாதவங்க எத்தனை பேர் இருப்பீங்க? ஆகவே இது விற்கிறவங்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை.

பெட்டியைத் திறந்ததும் வாடிக்கையாளர் கேட்கிற முதல் கேள்வியிலேயே அவங்க மனசில வெள்ளிக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சிடும். தில்லை நகர் குறுக்குத் தெருவில் இருக்கிற அடுக்குமாடி வீடுகளில், வேலைக்குப் போகிற பிள்ளைகள், "ஆன்ட்டி, இது 92.5 தானே?"ன்னு கேட்பாங்க. எடையைக் கேட்கவே மாட்டாங்க. கறுப்புப் பூச்சு கொடுத்த ஆக்ஸிடைஸ்டு ஜிமிக்கி ஒரு ஜோடி, டிசைன் பிடிச்சா போதும், ஆன்லைனில் என்ன விலைன்னு போனில் பார்த்துவிட்டு எடுத்துக்குவாங்க. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் போனால், சந்தனக் கிண்ணத்தைக் கையில் வாங்கின மாமி, "எத்தனை கிராம்? நாளைக்குத் திருப்பிக் கொடுத்தா என்ன கணக்குக்கு எடுத்துப்பேள்?" என்பார். வாங்கும்போதே விற்கிற கணக்கு. முசிறி, லால்குடி பக்கமிருந்து பஸ்ஸேறி வருகிற அக்காவோ கொலுசைக் கையில் ஏந்தி ஒரு குலுக்கு குலுக்குவாங்க. கனமும் சத்தமும்தான் அவங்களுக்கு. "நல்லா வெயிட்டா இருக்கு, போடு."

மூணு பேரும் சொல்றது "வெள்ளி" என்கிற ஒரே சொல். மூணும் வேற வேற சரக்கு.

கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். சுத்தமான வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி, ரொம்ப மெத்து. அதில் கொலுசு செய்தால் ரெண்டு நாளில் வளைஞ்சு, தேய்ஞ்சு போகும். கெட்டிப்படுத்தத்தான் செம்பு சேர்க்கிறார்கள். நூறு பங்கில் 92.5 பங்கு வெள்ளி, மீதி 7.5 பங்கு பெரும்பாலும் செம்பு என்றால் அதுதான் 92.5. இங்கிலாந்தில் பல நூறு வருஷமாக ஸ்டெர்லிங் என்று சொல்லி வந்த கலவை. நம்ம ஊர் பட்டறையில் இதையே "டச்" என்கிறோம். 80 டச் என்றால் நூறில் எண்பது வெள்ளி. 70 டச், 65 டச், அதற்குக் கீழேயும் உண்டு. எல்லாமே கடைக் கண்ணாடிக்குள் ஒரே மாதிரிதான் மினுக்கும்.

மினுக்கும் என்றா சொன்னேன்? சில சமயம் குறைஞ்ச டச் தான் அதிகமா மினுக்கும். செம்பு கூடினால் வெள்ளியில் லேசா ஒரு மங்கல் தட்டும். அதை மறைக்க மேலே சுத்த வெள்ளியில் முலாம் ஓட்டிவிடுவார்கள். அந்த மேல்தோல் பளீர்னு வெள்ளையா இருக்கும். பக்கத்தில் முலாம் இல்லாத நல்ல 80 டச் கொலுசை வைத்தால் அது கொஞ்சம் மட்டமாத் தெரியும். என் கண்ணெதிரிலேயே எத்தனையோ பேர் நல்லதை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பை எடுத்திருக்கிறார்கள். நான் டச்சைச் சொன்னாலும், "இல்லம்மா, இதுதான் வெள்ளை வெளேர்னு இருக்கு"ன்னு பதில் வரும்.

கறுக்கிறதும் அப்படித்தான். "கறுத்துப்போச்சு, கலப்படம்"னு கொண்டு வந்து நீட்டுவாங்க. இன்னும் சிலர், உடம்புச் சூடு, தோஷம் என்பார்கள். வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். முட்டை, ரப்பர் பேண்டு, வேர்வை, ஊர்க்காற்று, எல்லாத்திலும் கொஞ்சம் கந்தகம் உண்டு. செம்பு அதிகமானால் சீக்கிரம் கறுக்கும் என்பது உண்மை. ஆனா சுத்த வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும். மாறா வெண்மையில் இருக்கிற 92.5 நகை பலதுக்கும் மேலே ரோடியம் என்கிற வேறொரு உலோகத்தைப் பூசியிருப்பார்கள். நிறத்தைப் பார்த்து டச் சொல்ல என்னாலேயே முடியாது. காந்தம் ஒட்டவில்லை, அதனால வெள்ளிதான் என்று சொல்வதும் வேண்டாம். செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாது.

இதுக்குப் பழைய உதாரணம் நம்ம பாட்டிமார் பெட்டியிலேயே இருக்கு. வெள்ளி ரூபாய். விக்டோரியா ராணி தலை போட்டதும், அவருக்குப் பின் வந்த ராஜாக்கள் தலை போட்டதும் ஒரு தோலா எடை, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 91.7. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1940-இல், அதே எடை ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் நிக்கல் ரூபாயே வந்துவிட்டது. முந்தின ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி, பிந்தினதில் 5.8 கிராம். தராசில் வைத்தால் ரெண்டும் ஒரே எடை. வருஷத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம். நாணயத்தில் சர்க்காரே வருஷத்தை அச்சடித்துக் கொடுத்தது. கொலுசில் நமக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?

எங்க குழுவில் ஒரு அக்கா. பேர் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா விஷயத்தைச் சொல்லச் சொன்னதே அவங்கதான். மகள் வயசுக்கு வந்தப்போ தாய்மாமன் சீராக அவங்க அண்ணன் ஒரு ஜோடி கொலுசு போட்டார். 180 கிராம். தாம்பாளத்தில் வைத்துச் சபையில் எடை சொல்லிக் கொடுத்த கொலுசு. சத்தமும் அப்படி, மூணு வீடு தள்ளிக் கேட்கும். அந்தப் பிள்ளைக்கு பாலிடெக்னிக் பீஸ் கட்ட வேண்டிய நேரத்தில், வேற வழியில்லாம அதை எடுத்துக்கொண்டு பெரிய கடை வீதிக்குப் போனாங்க. ஒரு கடையில் பார்த்துவிட்டு 60 டச் என்றார்கள். இன்னொரு கடையில் 55. கம்ப்யூட்டரில் டெஸ்ட் எடுக்கிற இடத்தில் கொடுத்துப் பார்த்ததில் 58. அக்கா 80 என்று நினைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே பீஸ், புத்தகம், பஸ் பாஸ் எல்லாத்துக்கும் பிரிச்சு வைச்சிருந்தாங்க. 22 சதவீதம் குறைஞ்சா, 180 கிராமில் கிட்டத்தட்ட 40 கிராம் வெள்ளி காணோம்.

வீட்டில் தேடிப் பார்த்து அந்தப் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாங்க. எஸ்டிமேட் சீட்டு. எடை இருக்கு, தொகை இருக்கு. டச் இல்லை, கடை முத்திரைகூட இல்லை. இதில் யாரை என்ன கேட்பது? ஏமாற்றிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. வாங்கினவர் கேட்கவில்லை, விற்றவர் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பணத்தைவிட அந்த அக்காவுக்குப் பெரிய கஷ்டம் வேற ஒண்ணு. "இதை எங்க அண்ணன்கிட்ட எப்படிடி சொல்லுவேன்? குறைச்சலாப் போட்டுட்டான்னு நான் சொன்ன மாதிரி ஆயிடுமே"ன்னு கேட்டாங்க. அண்ணன் பாவம், கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினவர். அவருக்கு டச்சுன்னா என்னன்னே தெரியாது. குறைஞ்சது செம்பும் வெள்ளியும் கலந்த கணக்கு. அதைச் சொன்னா அண்ணன் தங்கச்சி பாசத்திலே குறை சொன்னதா ஆகுது. இதுக்காகவே நம்ம வீடுகளில் யாரும் சீர் வந்த நகையை டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறதில்லை. கடைக்காரர்களுக்கும் இது நல்லாத் தெரியும். அந்த மாசம் குழுவிலிருந்து உள் கடன் கொடுத்தோம், பீஸ் கட்டியாச்சு. கொலுசு இன்னும் அவங்க பீரோவில் இருக்கு.

இனி விலைக் கணக்கு. இன்னிக்கு மார்க்கெட் விலை வேற, அது தினம் மாறும். எளிதா இருக்கட்டும்னு சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு கடையில் "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று போர்டு. 65 டச் கொலுசு, 100 கிராம், கிராம் 100 ரூபாய் மேனிக்கு 10,000 ரூபாய். பக்கத்துக் கடையில் 80 டச், அதே 100 கிராம். வெள்ளிக்கு 8,000, செய்கூலி 1,500, ஆக 9,500 ரூபாய். ஜிஎஸ்டி ரெண்டுக்கும் உண்டு, அதை விடுங்க. நம்ம ஆளுங்க எங்க போவாங்க? "அங்க 1,500 ரூபாய் கூலி போடுறான்டி"ன்னு சொல்லிவிட்டு முதல் கடைக்குத்தான் போவாங்க. முதல் கடையில் 10,000 கொடுத்து வாங்கினது 65 கிராம் வெள்ளி, கிராமுக்கு 154 ரூபாய் விழுந்திருக்கு. ரெண்டாவது கடையில் 80 கிராம் வெள்ளி, கிராமுக்கு 119 ரூபாய். பில்லில் எழுதின கூலி கண்ணுக்குத் தெரியுது, எழுதாத செம்பு தெரியல.

கூலியைக் கேவலமா நினைக்கவும் வேண்டாம். நம்ம காலில் கிடக்கிற கொலுசு பெரும்பாலும் சேலத்திலிருந்து வருது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்ற வைத்து, சலங்கை கட்டி, பாலீஷ் போட்டு, ஒரு ஜோடி எத்தனையோ கை மாறித்தான் கடைக்கு வருது. அதில் நம்மைப் போன்ற பெண்கள் கை நிறைய. ஒவ்வொரு வளையத்தையும் பற்ற வைக்கிற பொடியிலும் வேறு உலோகம் கலந்திருக்கும். அதனால நிறைய பற்றுவைப்பு இருக்கிற டிசைனை உருக்கினால் டச் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இதையெல்லாம் நேர்மையாச் சொல்லி விற்கிற பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். "செய்கூலி இல்லை"ன்னு ஒரு போர்டு போட்டால், அந்தக் கூலி யாரோ ஒருத்தர் வயிற்றிலிருந்தோ உங்க கொலுசிலிருந்தோ போயிருக்கும்.

மெட்டிக்கு வருவோம். மெட்டியை யாரும் கிராம் கணக்கில் கேட்பதில்லை, ஜோடி என்ன விலை என்பார்கள். டச் கேட்டவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். அது பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம். மெட்டி தேயும், தொலையும், விரல் பருத்தால் மாற்றுவோம், விற்கப்போவதில்லை. சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டு வாங்குகிற வெள்ளிக் கண்மலர், கை, கால் உருவமும் அப்படியே. தகட்டில் அச்சடித்தது. கண் நோவு சரியான அம்மா கண்மலரை உண்டியலில் போடும்போது டச் பார்ப்பாளா? ஆக்ஸிடைஸ்டு ஜிமிக்கி வாங்குகிற பிள்ளையும் தப்புப் பண்ணவில்லை. அவள் காசு கொடுத்தது அழகுக்கு. ஆனா கொலுசு, அரைஞாண், பூஜைப் பாத்திரம் எல்லாம் நம்ம வீடுகளில் சேமிப்பு. ஆபத்துக்கு எடுக்கிறது. சேமிப்பாக வாங்குவதற்கு மட்டும் டச் கேட்டே ஆகணும்.

ஜெர்மன் சில்வர் பற்றிச் சொல்லாமல் போனால் என்னை விட மாட்டீர்கள். கொலு வந்தால், கல்யாண ரிட்டர்ன் கிப்ட் என்றால் இப்ப எல்லாம் அதுதான். அது ஜெர்மனியில் செய்த வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூணும் சேர்ந்தது. வெள்ளி ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. தட்டு, தாம்பாளத்துக்கு அழகா இருக்கும், நான் குறை சொல்லல. நகையாகப் போட்டால் நிக்கல் ஒத்துக்காத சிலருக்குக் காதும் கழுத்தும் அரிக்கும். நம்ம குழுக்களிலேயே இதை விற்கிறவங்க இருக்கீங்க. ஸ்டாலில் "சில்வர் ஐட்டம்" என்று எழுதி வைக்காதீங்க. ஜெர்மன் சில்வர், வெள்ளி கலக்காதது என்று முழுசா எழுதுங்க. நம்ம திருச்சியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு செயற்கை வைரம் பட்டை தீட்டினார்கள். செயற்கை வைரம்னு பேர் சொல்லித்தான் விற்றார்கள், ஊருக்கே அதில் பேர் வந்தது. கல் பதித்த வெள்ளி வாங்கும்போது அந்தக் கல் எடையையும் அரக்கு எடையையும் கழித்துத்தான் வெள்ளிக் கணக்குப் போடணும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுறேன்.

சரி, நிச்சயமாத் தெரிஞ்சுக்க வழி என்ன? தங்கத்துக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். வெள்ளிக்குக் கட்டாயம் ஆக்கவில்லை, விருப்பப்பட்டால் போடலாம் என்று வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் தங்கம் மாதிரி ஆறு எழுத்து, எண் கொண்ட ஹெச்யுஐடி குறியீடு வந்திருக்கு. போனில் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறையும் அடித்தால் நகையின் விவரம் வரும். 800, 835, 925, 970, 990 போன்ற தரங்கள் அதில் உண்டு. 800 தான் அடிமட்டம். அதனால 70 டச், 65 டச் கொலுசுக்கு ஹால்மார்க் கிடைக்காது. யாராவது அதற்கும் "எல்லாம் ஹால்மார்க் தான்"னு சொன்னால் எழுந்து வந்துவிடுங்க. வெறும் "925" என்ற அச்சை யார் வேணுமானாலும் குத்தலாம், அது மட்டும் ஹால்மார்க் ஆகாது. கம்ப்யூட்டர் டெஸ்ட் நல்லதுதான். ஆனா அது மேல்பரப்பைத்தான் பார்க்கும், தடிமனான முலாம் இருந்தால் கூட்டிக் காட்டும். சந்தேகம்னா கொக்கிப் பக்கம், திருகாணிப் பக்கம், தேய்ந்த இடம்னு ரெண்டு மூணு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.

மேலாளர் அவர்கள் இருக்கிறார்கள், தப்பாச் சொன்னா திருத்தட்டும். வெள்ளி நகைக்குக் கடன் தருவது பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதிமுறை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதன்படி நடக்கணும். நகைகளாக ஒருவருக்கு 10 கிலோ வரை, வெள்ளிக் காசாக 500 கிராம் வரை ஈடு வைக்கலாம், கட்டி வெள்ளிக்குக் கிடையாது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். மதிப்பு எப்படிப் போடுவாங்க? சுத்த வெள்ளி விலையை எடுத்து, உங்க நகையில் உள்ள தூய்மைக்கு ஏற்பக் குறைப்பார்கள். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் மதிப்பு இல்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் உரசிப் பார்க்கணும். தூய்மை, மொத்த எடை, நிகர எடை, எதுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதை எழுதிச் சான்றிதழாகக் கொடுக்கணும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. உங்க கொலுசு எத்தனை டச்சுன்னு எழுத்தில் கிடைக்கிற முதல் தாள் அதுவாகவே இருக்கலாம்.

நம்ம குழுவில் அஞ்சு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் மூடுறோம். அதே நாம, கடையில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொலுசு வாங்கும்போது டச் எழுதுன்னு கேட்கக் கூச்சப்படுறோம். பில்லில் எடை, டச், செய்கூலி மூணும் தனித்தனியா இருக்கணும். திரும்ப எடுத்தால் எத்தனை டச்சுக்கு எடுப்பார்கள் என்பதையும் பின்னால் எழுதி வாங்கிக்கோங்க. சீர் செய்யப்போகிற அண்ணன் தம்பிகளிடமும் கடைக்குப் போகும் முன்னாலேயே சொல்லி அனுப்புங்க. அப்ப யாருக்கும் மனத்தாங்கல் வராது.

நான் இப்ப என் பெட்டியில் ஒவ்வொரு ஜோடிக்கும் நூல் கட்டி, எடையும் டச்சும் எழுதின துண்டுச் சீட்டு மாட்டியிருக்கிறேன். முதல் ரெண்டு மாசம் வியாபாரம் இறங்கிச்சு. "மத்தவங்க எல்லாம் நல்ல வெள்ளிங்கிறாங்க, நீ மட்டும் 70-ன்னு எழுதியிருக்கே"ன்னு ஒரு அம்மா பெட்டியை மூடிக்கொண்டு போகச் சொன்னாங்க. ஆடி மாசம் அவங்களே கூப்பிட்டு, பேத்திக்கு 80-இல் ஒரு ஜோடி கொண்டு வரச் சொன்னாங்க.

தராசும், டச் வாரியா நாலு கொலுசும் வாசல் பக்கம் மேஜையில் வைத்திருக்கிறேன். மூணு 80, 70, 60. நாலாவது ஜெர்மன் சில்வர். சீட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் வந்து, எது எதுன்னு சொல்லிப் பாருங்க.